பிள்ளைகள் பெயரில் ஒரு வீடு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் அறைக்குத் திரும்பிய வேளையில், நம் பங்கைச் சேர்ந்த முதிய தம்பதியர் வாசலில் காத்திருந்தனர். கணவர் கைப்பேசியை நீட்டினார். திரையில் ஒரு வீடு தெரிந்தது. சரிந்த கூரை, சிறிய முற்றம், ஓரத்தில் பனி. "மகன் வாங்கிய வீடு சாமி! பதிவு முடிந்துவிட்டதாம். நல்லபடியாகக் குடிபோக ஒரு செபம் சொல்லுங்கள்" என்றார். அவர் முகத்தில் பெருமிதம் பொங்கியது. மனைவியோ வெகுநேரம் பேசவில்லை. செபம் முடிந்து எழுந்தபோது மட்டும் மெல்லிய குரலில் கேட்டார்: "வாடகைக்கு இருந்தவரை, என்றாவது வந்துவிடுவான் என்றிருந்தேன். இனி அவன் வரமாட்டான்தானே சாமி?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் உடனடி விடை இல்லை. ஆயினும் அந்தத் தாய் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டார் என்பது மட்டும் விளங்கிற்று. பிற நாட்டில் வேலை செய்வது ஒன்று. அங்கே வீடு வாங்குவது வேறொன்று. வேலைக்குச் சென்றவன் திரும்புவான் என்று பிறந்த ஊரும் நம்புகிறது, புகுந்த ஊரும் நம்புகிறது. வீடு வாங்கியவனோ, "இங்கேயே இருக்கப் போகிறேன்" என்று இரு ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் அறிவித்துவிடுகிறான். ஒரு முனையில் தாயின் நெஞ்சு கனக்கிறது. மறுமுனையில் அண்டை வீட்டாரின் புருவம் உயர்கிறது.

விவிலிய வரலாற்றிலும் இதற்கொரு காட்சி உண்டு. தொடக்க நூலின் 23-ஆம் அதிகாரத்தில், மனைவி சாராவை இழந்த ஆபிரகாம், அவரை அடக்கம் செய்ய ஒரு துண்டு நிலம் இன்றி, இத்தியர்முன் எழுந்து நிற்கிறார். தாம் அவர்கள் நடுவே ஓர் அந்நியர் என்பதை மறைக்காமல் சொல்கிறார். நிலத்தை இலவசமாகவே தருவதாக எப்ரோன் கூறியும், நகர வாயிலில் எல்லார் முன்னிலையிலும் நானூறு செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தே மக்பேலாக் குகையையும் நிலத்தையும் பெறுகிறார். பிறர் தயவால் கிடைத்தது என்றேனும் பறிபோகலாம். விலை கொடுத்து, சாட்சிகள் முன் வாங்கியதே நிலைக்கும் என்பதை அந்த முதியவர் அறிந்திருந்தார் போலும். வழங்கப்பட்ட வாக்குறுதியோ நாடு முழுவதற்கும் உரியது. அவர் கையில் வந்ததோ ஒரு கல்லறை நிலம் மட்டுமே.

விலை கொடுத்து வாங்கியும் நிலைக்குமா என்று அஞ்சி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதையை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அது நடந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலம். வீடு வாங்கியவர் ஜப்பானியர்.

ஆரஞ்சு நகரில் ஓர் உணவகம்

தென் கலிபோர்னியாவில் ரிவர்சைடு என்றொரு நகரம் இருக்கிறது. பிரேசில் நாட்டிலிருந்து வந்த ஆரஞ்சு மரக்கன்றுகள் 1870-களில் அங்கே நடப்பட்டு, விதையற்ற இனிய கனிகளைத் தந்தன. சில ஆண்டுகளிலேயே தோட்டங்கள் பெருகின. நகரம் செல்வச் செழிப்படைந்தது. பழம் பறிக்கவும், பெட்டிகளில் அடுக்கவும் கைகள் தேவைப்பட்டன. முதலில் சீனர் வந்தனர். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்தபின், ஜப்பானியர் அந்த இடத்தை நிரப்பினர்.

ஜூக்கிச்சி ஹராடா என்பவர் ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் பிறந்தவர். ஆசிரியப் பணிக்குப் பயின்றவர். கடல் கடந்து சென்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனைவி கென் அம்மையாரோடும் மகனோடும் ரிவர்சைடில் குடியேறினார். அங்கே ஓர் உணவகம் தொடங்கினார். அதற்கு அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான வாஷிங்டனின் பெயரையே சூட்டினார். உழைக்கும் ஆண்கள் தங்குவதற்கான வாடகை விடுதி ஒன்றையும் நடத்தினார். குடும்பமும் அந்த விடுதி அறைகளிலேயே நெருக்கியடித்து வாழ்ந்தது. வந்தபின் பிறந்த குழந்தைகள் அங்கேயே வளர்ந்தனர்.

அவர்களுள் தடாவோ என்னும் சிறுவன் தொண்டை அடைப்பான் நோய்க்கு இரையானான். நெருக்கடியான அறைகளே குழந்தையைக் கொன்றன என்று பெற்றோரின் மனம் அடித்துக்கொண்டது. எஞ்சிய பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள, தங்களுக்கே உரிய ஒரு வீடு வேண்டும் என்று தந்தை உறுதி பூண்டார். அந்த உறுதியில் செல்வச் செருக்கு ஏதும் இல்லை. பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த ஒரு தந்தையின் ஏக்கமே அதில் இருந்தது.

மண்ணைத் தடுத்த சட்டம்

ஆனால் வீடு வாங்கப் பணம் மட்டும் போதவில்லை. 1790-ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளை இனத்தவரான சுதந்திர மனிதரே அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்றது. 1870-இல் ஆப்பிரிக்க இனத்தவருக்கும் அவ்வுரிமை விரிந்தது. ஆசியரோ இரண்டு வகையிலும் சேராமல் வெளியே நின்றனர். எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும், எவ்வளவு வரி செலுத்தினாலும், ஹராடா குடிமகனாக முடியாது.

இந்த இடைவெளியைக் கலிபோர்னியாவின் சட்டமன்றம் 1913-இல் பயன்படுத்திக்கொண்டது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் நிலம் வாங்கக் கூடாது; விவசாய நிலத்தை மூன்று ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு எடுக்கவும் கூடாது என்றது அந்நியர் நிலச் சட்டம். அதில் 'ஜப்பானியர்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. யாரைக் குறித்து எழுதப்பட்டது என்பதோ எல்லாருக்கும் தெரியும். குடியரசுத் தலைவர் வில்சன், தம் வெளியுறவுச் செயலர் பிரையனையே கலிபோர்னியாவுக்கு அனுப்பி மன்றாடச் செய்தும் பயன் விளையவில்லை. ஆளுநர் ஹிராம் ஜான்சன் கையொப்பமிட்டார். மீறி வாங்கிய நிலத்தை இழப்பீடு ஏதுமின்றி மாநில அரசு தனதாக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு விந்தையும் உண்டு. 1911-இல் அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஜப்பானியர் அமெரிக்காவில் வீடுகளைச் சொந்தமாக வைத்திருக்கலாம் என்றது. குடியிருப்புக்கான நிலத்தைப் பொறுத்தவரையிலோ குத்தகை உரிமையை மட்டுமே வழங்கியது. சுவரும் கூரையும் உனக்குச் சொந்தம், அவை நிற்கும் மண் உனக்குச் சொந்தமன்று என்பதே இதன் பொருள். மண்ணின்றி மனை ஏது?

ஹராடா ஒரு வழி கண்டார். அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தம் 1868-இல் ஏற்கப்பட்டது. அந்நாட்டு மண்ணில், அதன் ஆட்சிக்குட்பட்டுப் பிறக்கும் எவரும் அதன் குடிமக்களே என்பது அதன் சாரம். அது சீனப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1898-இல், வாங் கிம் ஆர்க் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. தகப்பன் அந்நியன், பிள்ளைகளோ குடிமக்கள்! 1915 டிசம்பரில், லெமன் தெருவில் இருந்த ஒரு சிறு வீட்டை 1,500 டாலருக்கு வாங்கி, அமெரிக்காவில் பிறந்த தம் மூன்று பிள்ளைகளான மினே, சுமி, யோஷிஸோ ஆகியோர் பெயரில் பத்திரம் பதிவு செய்தார். அவர்களுள் மூத்தவளுக்கே இன்னும் பத்து வயது நிறைந்திருக்கவில்லை.

நீதிமன்றத்தில் மூன்று குழந்தைகள்

செய்தி பரவியதும் அத்தெருவினர் சிலர் கூடிக் குழு அமைத்தனர். வீட்டை விட்டுவிடுமாறு ஹராடாவை வற்புறுத்தினர். அவர் கொடுத்த விலையைவிடக் கூடுதலாகத் தருவதாகவும் பேரம் பேசினர். அவர் அசையவில்லை. ஆரஞ்சுத் தோட்டத்தில் உழைத்த ஜப்பானியரையும், உணவகத்தில் சோறிட்ட ஜப்பானியரையும் பொறுத்துக்கொண்ட ஊர், அடுத்த வாசலில் குடியிருக்கும் ஜப்பானியரைப் பொறுத்துக்கொள்ள மறுத்தது. உழைப்பு வேண்டும், உழைப்பவன் அயலானாகவே இருக்க வேண்டும் என்ற மனநிலை அது. எனினும் அந்நகரத்தில் அக்குடும்பத்துக்கு உற்ற வெள்ளையர் நண்பர்களும் இருந்தனர் என்பதை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும்.

1916 அக்டோபரில் மாநில அரசே வழக்குத் தொடுத்தது. அந்நியர் நிலச் சட்டத்தை வரைந்தவர்களுள் ஒருவரான யூலிசிஸ் வெப் என்பவரே அப்போது மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர். பணம் தகப்பனுடையது, பிள்ளைகள் பெயரளவுக்கே உரிமையாளர், இது சட்டத்தை ஏய்க்கும் சூழ்ச்சி என்பது அரசின் வாதம். தகப்பன் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்த கொடையை யார் தடுக்க முடியும் என்பது எதிர்வாதம். வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஹராடா அந்த வீட்டின் மீது ஒரு மாடியும் கட்டினார். பறிபோகக்கூடிய வீட்டிற்கு மாடி கட்டியவரின் துணிவை என்னென்பது!

1918 செப்டம்பரில் நீதிபதி ஹியூ கிரெய்க் தீர்ப்புரைத்தார். அந்நியர் நிலச் சட்டம் செல்லாது என்று அவர் சொல்லவில்லை. அது செல்லும் என்றே கொண்டார். ஆனால் இக்குழந்தைகள் அமெரிக்கக் குடிமக்கள். எளிய நிலையினர் ஆயினும் நாட்டின் சட்டம் தரும் சமமான பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு. ஆகவே வீடு அவர்களுக்கே உரியது என்றார். குடும்பம் வென்றது. எனினும் தந்தையின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பணம் அவருடையது, வியர்வை அவருடையது. சட்டத்தின் கண்ணிலோ அவர் தம் சிறு பிள்ளைகளின் வீட்டில் தங்கியிருப்பவர்.

இவ்வழியைப் பிற பெற்றோரும் நாடினர். உடனே வாசலை அடைக்க முயன்றனர். 1920-இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே வந்த புதிய சட்டம் குத்தகையையும் தடுத்தது. இத்தகைய பெற்றோர் தம் பிள்ளைகளின் நிலத்துக்குக் காப்பாளராக இருப்பதையும் தடுத்தது. பெற்ற பிள்ளையின் சொத்துக்குத் தகப்பன் காப்பாளனாகக் கூடாதென்பது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1922-இல், யானோ வழக்கில் அறிவித்தது. நம் இந்திய நாட்டினரும் இச்சட்டத்துக்குத் தப்பவில்லை. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் வெள்ளை இனத்தவர் ஆகார், எனவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் உழுதுகொண்டிருந்த பஞ்சாபி விவசாயிகளும் நிலத்தைப் பிறர் பெயரிலோ, அங்கே பிறந்த பிள்ளைகள் பெயரிலோ வைத்துக்கொள்ள நேர்ந்தது.

சுவரில் எழுதப்பட்ட நாள்

வழக்கில் வென்ற வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து ஆளாயினர். ஆனால் பத்திரம் காத்துக் கொடுத்த வீட்டைப் போர் காலியாக்கியது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண்ணுள்ள ஆணையில் கையொப்பமிட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். நீதிபதி கிரெய்க் உயர்த்திப் பிடித்த அந்தக் குடியுரிமை, இம்முறை அவர்களைக் காக்கவில்லை.

லெமன் தெரு வீட்டின் ஒரு படுக்கையறையில், இளைய மகன் ஹரால்டு புறப்படும் முன் சுவரில் ஒரு குறிப்பு எழுதினான். 1942 மே 23, சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குத் தாங்கள் வெளியேற்றப்பட்டதை மட்டும் அது பதிவு செய்தது. வசை இல்லை; புலம்பல் இல்லை. நாளும் நேரமும் மட்டுமே! நீதிமன்ற ஏட்டைவிட அந்தச் சுவர் நமக்கு அதிகம் சொல்கிறது.

யூட்டா மாநிலப் பாலைநிலத்தில் இருந்த டோப்பாஸ் முகாமில் 1943-இல் கென் அம்மையார் காலமானார். 1944-இல் ஜூக்கிச்சியும் அங்கேயே கண்மூடினார். பிள்ளைகளுக்காக அவர்கள் போராடிப் பெற்ற வீட்டில் இறக்கும் பேறு இருவருக்கும் கிட்டவில்லை.

அந்நாள்களில் முகாமுக்குச் சென்ற பலர், கடன் தவணையையும் வரியையும் செலுத்த வழியின்றியும், நம்பி ஒப்படைத்தவர் கைவிட்டதாலும் வீடு நிலங்களை இழந்தனர். ஹராடா வீடு தப்பியதற்குக் காரணம் ஒரு நண்பர். அமெரிக்கரான அவர் அவ்வீட்டிலேயே தங்கி, அதனைக் காத்து நின்றார். ஒரு காலத்தில் அண்டை வீட்டார் விரட்ட முயன்ற குடும்பத்தின் வீட்டை, அதே ஊர் மனிதர் ஒருவர் போர்க்காலம் முழுவதும் பேணிக் காத்தார்.

1945-இல் மகள் சுமி திரும்பி வந்தார். முகாமிலிருந்து வெளியே வந்தும் தலை சாய்க்க இடமின்றித் தவித்த பிற ஜப்பானியக் குடும்பங்களுக்கு அந்த வீட்டின் அறைகளைத் திறந்துவிட்டார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவ்வீட்டைப் பேணினார். 1990-இல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2000-இல் சுமி மறைந்தார். இப்போது அவ்வீடு ரிவர்சைடு நகர அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

மாறிய சட்டமும் மாறாத அச்சமும்

போருக்குப் பின் சட்டங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மகன் பிரெட் பெயரில் நிலம் வாங்கியிருந்த கஜிரோ ஒயாமாவின் குடும்பம் மேற்குக் கரைக்குத் திரும்பத் தடை இருந்த 1944-ஆம் ஆண்டிலேயே, அந்நிலத்தைப் பறிக்க மாநில அரசு வழக்கிட்டது. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மகனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1952-இல் வந்த புதிய சட்டம், குடியுரிமைக்கு இனம் தடையாகாது என்றது. அதே ஆண்டில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், ஃபூஜீ வழக்கில் அந்நியர் நிலச் சட்டத்தையே செல்லாததாக்கியது. 1956-இல் மாநில மக்களே வாக்களித்து அதனை நீக்கினர். 1988-இல் அமெரிக்க அரசு முகாம்களுக்காக மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது. ஜூக்கிச்சியும் கென் அம்மையாரும் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன!

இது முடிந்துபோன பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். ஃபுளோரிடா மாநிலம் தன் அரசியலமைப்பில் எஞ்சியிருந்த பழைய அந்நியர் நிலப் பிரிவை 2018-இல்தான் நீக்கியது. ஐந்தே ஆண்டுகளில், 2023-இல், சீனா உள்ளிட்ட சில நாடுகளைச் சேர்ந்த, அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெறாத மக்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. நியூசிலாந்து 2018-லும், கனடா 2023-லும் வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை விதித்தன. எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியன்று. எங்கோ இருந்துகொண்டு, குடியிருக்கும் எண்ணமின்றி வீடுகளை வாங்கிக் குவிப்பவரைத் தடுத்து, உள்ளூர் ஏழைக்கு வீடு எட்டும்படி செய்ய நினைப்பது ஒரு நோக்கம். அங்கேயே உழைத்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே வாழ விரும்புபவனை இனம் பார்த்து ஒதுக்குவது முற்றிலும் வேறு நோக்கம். முன்னது பொதுநலம் கருதிய ஒழுங்காக இருக்கலாம், பின்னது அநீதி.

நம் தெருவில்

இவ்வரலாற்றை எண்ணுந்தோறும் நாம் நம் பங்கின் தெருக்களையும் எண்ணிப் பார்க்கிறோம். நம் மகன் பிற நாட்டில் வீடு வாங்கினான் என்று மகிழ்கிறோம். அங்கே அண்டை வீட்டார் அவன் நிறத்தையும் பெயரையும் பாராமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று செபிக்கிறோம். நல்லது. ஆனால் நம் வீட்டு மாடி வாடகைக்குக் காலியாகும்போது, வந்து கேட்பவரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி எது? பெயரைக் கேட்கிறோம், ஊரைக் கேட்கிறோம், ஊரில் எந்தத் தெரு என்று கேட்கிறோம். சாதியை நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்து அறிந்துகொள்ளும் அக்கலை, 'ஜப்பானியர்' என்ற சொல்லைத் தவிர்த்து எழுதிய அந்த 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கலைதானே? நம் கட்டடங்களில் சாரமேறி உழைக்கும் வடமாநிலத்து இளைஞர் நம் தெருவில் ஓர் அறை கேட்டால், ரிவர்சைடு அண்டை வீட்டாரினும் நாம் மேலானவராக நடந்துகொள்கிறோமா? இவ்வினாவை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்கிறோம். பங்கு இல்லத்துக்கும் வாசல் உண்டு. அங்கும் சிலர் எளிதில் நுழைகிறார்கள், சிலர் வெளியே நிற்கிறார்கள்.

பத்திரத்தைத் தருவது பதிவு அலுவலகம். ஆனால் ஒரு வீட்டை வீடாக்கும் வேறொன்று, அக்கம்பக்கத்தார் கையில் இருக்கிறது. ஹராடா குடும்பம் விலை கொடுத்தது, வழக்கில் வென்றது, அப்பொழுதும் அந்த வீடு இறுதியில் தப்பியது ஒரு மனிதரின் நட்பினால். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய ஓர் அயலார் தேவை. இங்கே நம்மை நாடி வருவோருக்கு அந்த அயலாராக இருப்பது நம் கடமை.

அந்தத் தாயை இம்மாதம் மீண்டும் சந்தித்தோம். "மகன் திரும்பி வருவானா என்று நமக்குத் தெரியாது அம்மா. ஆனால் அவன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அடுத்த முறை பேசும்போது கேளுங்கள்" என்றோம். கேட்டிருக்கிறார். குடியேறிய முதல் வாரத்தில், வாசற்படியில் படிந்த பனியை ஒரு முதியவர் சொல்லாமலே வந்து தள்ளிவிட்டுப் போனாராம். பெயர் தெரியாது என்றானாம் மகன். "பெயரைக் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன் சாமி. அவருக்கும் சேர்த்துச் செபமாலை சொல்ல வேண்டும் அல்லவா?" என்றார் அந்த அம்மா.